1/48 கோர்சேர்: பிரிட்டிஷ் கடற்படை விமானமாக மாற்ற இறக்கை நுனியை வெட்டுவது எப்படி?

பசுமலைவாசி:

அனைவருக்கும் வணக்கம். இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கப் போர் விமானமான எஃப்4யூ-1ஏ கோர்சேரின் 1/48 அளவிலான பிளாஸ்டிக் மாதிரி ஒன்றைக் கட்டத் தொடங்கியிருக்கிறேன். பெட்டியில் அமெரிக்கக் கடற்படைக்குரிய டீகால்கள் (நீரில் நனைத்து ஒட்டும் குறிப்படங்கள்) மட்டுமே உள்ளன. எனக்கோ அதை இலங்கையின் புத்தளத்தில் இருந்த பிரிட்டிஷ் கடற்படை விமானத்தளத்து விமானமாகச் செய்ய வேண்டும் என்று விருப்பம். போர்க்காலத்தில் அங்கே யானையைக் கொண்டு கோர்சேரை இழுத்துச் சென்ற படத்தைப் பார்த்த பிறகு, பசிபிக் தீவுகளின் மீது எனக்கிருந்த ஆர்வம் போய்விட்டது. நமக்குக் கடல் தாண்டிக் கூப்பிடு தூரத்தில் நடந்ததை விட்டுவிட்டு வேறெங்கோ போவானேன்?

பிரிட்டிஷ் கோர்சேர்களின் இறக்கை நுனிகள் வெட்டப்பட்டிருந்தன என்று படித்தேன். எவ்வளவு வெட்ட வேண்டும், இறக்கையை உடலோடு ஒட்டும் முன்பா பின்பா? ஒட்டாமல் பொருத்திப் பார்த்தபோது இறக்கையும் உடலும் சேரும் இடத்தில் மெல்லிய இடைவெளி தெரிகிறது; அதை எப்படி மூடுவது? மழைக்காலம் தொடங்கிவிட்டதால், மதுரையில் இப்போது பெயின்ட் அடிப்பது சரிதானா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வைகை வடகரை:

நல்ல தேர்வு, தம்பி. முதலில் வெட்டுவதற்கான காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். காரணம் தெரிந்தால் அளவு மறக்காது. இல்லஸ்ட்ரியஸ், விக்டோரியஸ் ஆகிய பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல்களில் விமானங்களை நிறுத்தும் கீழ்த்தளத்தின் உயரம் 16 அடி மட்டுமே. கோர்சேரின் இறக்கைகள் தலைக்கு மேலே மடங்குபவை என்பதால், மடக்கிய நிலையில் நுனி கூரையில் இடிக்கும். ஆகவே ஒவ்வொரு பக்கமும் சுமார் 8 அங்குலம், அதாவது 20 சென்டிமீட்டர் அளவுக்கு நுனியைக் குறைத்தார்கள். 1/48இல் அது 4 மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். உங்கள் பெட்டியில் இருப்பது பிரிட்டிஷ் கணக்கில் இரண்டாம் வகைக் கோர்சேருக்குப் பொருந்தும் என்பதால் அடிப்படை வடிவத்தில் சிக்கல் இல்லை.

வெட்டுவதை உடலோடு ஒட்டும் முன்பே முடித்துவிடுங்கள். ஆனால் இறக்கையின் மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் ஒட்டி, நன்றாக இறுகிய பிறகுதான் ரம்பத்தை வைக்க வேண்டும். பலர் கவனிக்காத ஒன்று, உள்ளே வெற்றிடம் இருக்கும் என்பது. அப்படியே அறுத்தால் நுனியில் ஒரு பிளவு வாயைத் திறந்துகொண்டு நிற்கும். ஆகவே இரு பாதிகளையும் ஒட்டுவதற்கு முன், நுனிப் பகுதியின் உட்புறத்தில் எம்-சீலைச் சிறிதளவு பிசைந்து அடைத்துவிடுங்கள். பிறகு ஒரு பக்கத்து நுனியின் மீது மாஸ்கிங் டேப்பை ஒட்டி, வெட்டுக்கோட்டை வரைந்து, அந்த டேப்பையே உரித்து மறு இறக்கை நுனியின் அடிப்புறத்தில் ஒட்டினால் இரண்டு நுனிகளும் ஒன்றுபோல் அமையும். கோட்டுக்கு ஒரு மயிரிழை வெளியே அறுத்து, மீதியை வாட்டர் பேப்பரால் தேய்த்துக் கொண்டுவர வேண்டும். நுனி கத்தியால் நறுக்கியதுபோல் இல்லாமல், மூலைகள் இலேசாக உருண்டிருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வலது இறக்கையின் முன்விளிம்பில், துப்பாக்கித் துளைகளுக்குச் சற்று வெளியே ஒரு சிறு முக்கோணப் பட்டை இருக்கும். தரையிறங்கும்போது இடது இறக்கை முந்திக்கொண்டு தூக்குவிசையை இழக்கும் பழக்கம் இந்த விமானத்துக்கு இருந்ததால், வலதும் அதே வேகத்தில் இழக்கட்டும் என்று வைத்தார்கள். உங்கள் அளவில் அது 3 மில்லிமீட்டர் நீளம்தான். தேய்க்கும் வேகத்தில் காணாமல் போய்விடும், கவனம்.

சோழவந்தான் தச்சர்:

இடைவெளியைப் பற்றி நான் சொல்கிறேன். கோர்சேரின் இறக்கை உடலிலிருந்து கீழ்நோக்கி இறங்கிப் பிறகு மேலே எழுகிறது. சுமார் 4 மீட்டர் விட்டமுள்ள சுழலி தரையில் தட்டாமலும், சக்கரக் கால்கள் மிக நீளமாகாமலும் இருப்பதற்காக வந்த வளைவு அது. அந்த வளைவு இரு புறமும் ஒரே கோணத்தில் இருந்தால்தான் மாதிரி விமானம் நிமிர்ந்து நிற்கும். ஆகவே இடைவெளியை மூட வேண்டும் என்ற ஆத்திரத்தில் இறக்கையை அழுத்திக் கட்டி ஒட்டாதீர்கள். ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். மாறாக, உடலின் இரு பாதிகளுக்கும் இடையே உள்ளே, பாகங்கள் பிணைந்து வரும் பிளாஸ்டிக் சட்டத்தின் துண்டு ஒன்றைக் குறுக்காக முட்டுக் கொடுத்து, உடலைச் சற்றே அகலப்படுத்துங்கள். பெரும்பாலான இடைவெளி அதிலேயே மறைந்துவிடும். எஞ்சியதற்கு, பெட்டியில் வந்த அதே பிளாஸ்டிக் சட்டத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கி, மாதிரிகளுக்கான நீர்த்த ஒட்டுத் திரவத்தில் ஊறவைத்துக் கூழாக்கிப் பூசலாம். நன்றாக இறுகிய பிறகு அது உடலின் பிளாஸ்டிக்கைப் போலவே தேயும், மேடுபள்ளம் தெரியாது.

விமானி அறையின் கண்ணாடி மூடிக்கு ஃபெவிக்விக் வேண்டாம். அதன் ஆவி படிந்து கண்ணாடி வெளுத்துவிடும். சாதாரண ஃபெவிகால் போதும். காய்ந்ததும் நிறமில்லாமல் போய்விடும், வழிந்தாலும் ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

மேலூர் நீலவானம்:

மழைக்காலத்தில் அக்ரிலிக் பெயின்டால் பெரிய தொல்லை இல்லை, காய்வதற்குச் சற்று நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். பளபளப்புக்காக அடிக்கும் லாக்கர் வார்னிஷில்தான் ஆபத்து இருக்கிறது. அதிலுள்ள கரைப்பான் விரைவாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து, பால் ஊற்றியதுபோல் வெண்மையாகிவிடும். ஆகவே லாக்கர் அடிப்பதை மட்டும், வானம் வெளுத்து வெயில் காயும் ஒரு நண்பகலுக்குத் தள்ளிப் போடுங்கள். சித்திரையில் நிலைமை நேர்மாறு. பெயின்ட் ஏர்பிரஷின் ஊசி முனையிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். மாசி வீதிக் கடைகளில் விற்கும் என்.சி. தின்னரைத் தூரிகை கழுவ மட்டும் பயன்படுத்துங்கள், பிளாஸ்டிக்கின் மேல் பட்டால் அது பரப்பை அரித்துவிடும்.

மேற்பரப்புக்கு அடர் கடல் சாம்பல், பச்சை கலந்த அடர் சாம்பல் என இரு நிறங்கள். அடிப்பகுதிக்கு வெளிறிய பச்சை சாயல் கொண்ட வான் நிறம். இவை அமெரிக்கத் தொழிற்சாலையிலேயே, பிரிட்டிஷ் நிறங்களுக்கு நெருக்கமான அமெரிக்க பெயின்டுகளைக் கொண்டு அடிக்கப்பட்டவை. ஆகவே நிறம் இம்மியும் பிசகக் கூடாது என்று யாராவது உங்களிடம் வாதிட்டால் பொருட்படுத்த வேண்டாம்.

பெயின்ட் உதிர்ந்து வெள்ளி தெரிவதுபோல் காட்டுவதில் நம்மவர்களுக்கு அளவு கடந்த ஆசை உண்டு. கோர்சேரின் வெளி இறக்கையில் முதன்மைச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தது உலோகம் அல்ல, துணி. அங்கே வெள்ளிக் கீறல் போட்டால், தெரிந்தவர் பார்த்தவுடன் சிரிப்பார். உள் இறக்கையில், ஆட்கள் ஏறி மிதிக்கும் இடத்தில் போடுங்கள், அழகாக இருக்கும்.

பசுமலைவாசி:

அனைவருக்கும் நன்றி. எம்-சீல் யோசனையை இன்றே செய்து பார்க்கிறேன். எந்த நாட்டு விமானம் என்று காட்டும் வட்டக் குறிகளுக்கு மட்டும் வழி தெரியவில்லை. டீகால் தாள் வாங்கி வீட்டுப் பிரிண்டரில் அச்சிட்டுக்கொள்ளலாமா? யானை பொம்மை எங்கே கிடைக்கும் என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

வைகை வடகரை:

யானைக்கு நீங்கள் அலைய வேண்டியதே இல்லை. பசுமலையிலிருந்து விளாச்சேரி எவ்வளவு தூரம்? கொலு பொம்மை செய்கிறவர்களிடம் நேரில் போய், ஐந்தரை சென்டிமீட்டருக்கு மிகாத உயரத்தில் ஒரு யானை கேளுங்கள். வளர்ந்த யானையை இரண்டரை மீட்டர் என்று வைத்தால் 1/48இல் அந்த அளவுதான் வரும். நெற்றிப்பட்டம், முகபடாம் எதுவும் வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். இல்லையென்றால் திருவிழா யானையைக் கொடுத்துவிடுவார்கள். இழுவைச் சங்கிலிக்குக் கவரிங் கடையில் கிடைக்கும் மிக மெல்லிய சங்கிலி பொருந்தும்.

மேலூர் நீலவானம்:

வீட்டுப் பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது, ஆகவே அச்சிட்ட வட்டத்தின் நடுவில் விமானத்தின் சாம்பல் நிறம்தான் தெரியும். வட்டங்களைப் பெயின்டிலேயே போட்டுவிடுங்கள். ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு குழம்பக் கூடாது என்று இந்தியப் பெருங்கடல் பகுதியில் பிரிட்டிஷ் குறியின் நடுச்சிவப்பை நீக்கிவிட்டார்கள் என்பது உங்கள் வேலையைப் பாதியாகக் குறைக்கிறது. நீலமும் வெள்ளையும் மட்டுமே. இருபுறமும் வெள்ளைப் பட்டை சேர்ந்த வடிவம் பிரிட்டிஷ் பசிபிக் கடற்படைக்காகப் பின்னர் வந்தது, உங்களுக்கு அது வேண்டாம். முழு வட்டத்துக்கும் வெள்ளையை முதலில் அடித்து, நடுவட்டத்தை டேப்பால் மூடி, அதன் மேல் நீலத்தை அடியுங்கள். டேப்பை வெட்ட, காம்பஸில் பென்சிலுக்குப் பதிலாகக் கத்தி முனையைக் கட்டிக்கொண்டால் போதும்.

வரிசை எண்ணுக்கு மட்டும் டீகால் போடுவதாக இருந்தால், போர்வெல் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் காய்ந்ததும் டீகாலைச் சுற்றி வெள்ளைப் படலம் விட்டுவிடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கினால் இந்த விமானத்துக்கும் அடுத்ததற்கும் வரும். வாங்கும்போது அது தண்ணீர்தானா, ஆசிட் இல்லையா என்று பாட்டிலைப் பார்த்து வாங்குங்கள்.