இசிப்பிங்கோ கடலோரத்தில் 5 மீட்டர் இரும்புச் சிற்பம்: கோர்டென் தாங்குமா?

கரும்புச்சாலை:
வணக்கம். 1860 முதல் நேட்டாலுக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களின் நினைவாகத் திறந்தவெளிச் சிற்பம் ஒன்று வைக்கப் போகிறோம். இடம் டர்பனுக்குத் தெற்கே இசிப்பிங்கோ, கடலிலிருந்து சுமார் 500 மீட்டர். 12 இரும்புப் பலகைகள். ஒவ்வொன்றும் 5 மீட்டர் உயரம், 400 மி.மீ. அகலம், 10 மி.மீ. தடிப்பு. முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் 5 மீட்டர் இடைவெளி. ஹோவிக்கில் மார்கோ சியான்ஃபனெல்லி 2012இல் 50 தூண்களால் அமைத்த மண்டேலா முகம் போல, ஓரிடத்தில் நின்றால் மட்டும் முகம் கூடி வரவேண்டும். பட்டறைக்காரர் கோர்டென் (தன் துருவையே காப்பாக்கிக்கொள்ளும் இரும்பு) போடலாம், பெயின்ட் செலவே இருக்காது என்கிறார். போடலாமா?

கடற்காற்று:
அங்கே கோர்டென் வேண்டாம். அந்த இரும்பு நனைந்து, முழுதாகக் காய்ந்து, மறுபடி நனைந்தால்தான் துரு இறுகிக் காப்புத் தோலாகும். கடலுப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் பலகை காயவே காயாது. துரு இறுகாமல் ஏடு ஏடாக உரியும். அடியில் இரும்பு கரைந்துகொண்டே போகும். மழை படாத பக்கம்தான் முதலில் கெடும், ஏனென்றால் அங்கே உப்பைக் கழுவ ஆளில்லை. கத்தார் பாலைவனத்தில் அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செர்ரா 2014இல் நிறுத்திய நான்கு கோர்டென் பலகைகள் 14 மீட்டருக்கும் மேல் உயரம். அந்த வறட்சியும் அந்தத் தடிப்பும் உங்களுக்குக் கிடையாது.

ஸ்டெயின்லெஸ் என்றால் 304 ரகம் கூடாது, பழுப்புப் புள்ளி விழும். 316தான், அதுவும் வழவழப்பாக மெருகிட்டது. சொரசொரப்பாக விட்டால் கீறல்களில் உப்பு தங்கி அதுவும் பழுப்பேறும். விலையைப் பார்த்தால் சாதாரண இரும்பை கால்வனைஸ் செய்து (உருகிய துத்தநாகத்தில் முக்கி) மேலே பெயின்ட் அடிப்பதே உங்களுக்குச் சரி.

இரும்புக்கை:
துருவுக்கு முன்னால் காற்றைப் பாருங்கள். நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் வீசினால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 0.96 கிலோநியூட்டன் அழுத்தம். தட்டைப் பலகைக்கு வடிவக் கெழு (வடிவத்தைப் பொறுத்து விசையைப் பெருக்கும் எண்) 2 என்று வையுங்கள். உங்கள் பலகையின் பரப்பு 2 சதுர மீட்டர். ஆக விசை 3.8 கிலோநியூட்டன், அடியில் வளைவுத் திருப்பம் 9.6 கிலோநியூட்டன் மீட்டர். 10 மி.மீ. தகட்டில் இது 1,440 மெகாபாஸ்கல் தகைவு (இரும்புக்குள் ஏறும் அழுத்தம்). எஸ்355 ரகக் கட்டுமான இரும்பு 355 மெகாபாஸ்கலிலேயே நிமிராதபடி வளைந்துவிடும். நான்கு மடங்கு மிஞ்சுகிறது. இந்த வரைபடத்தை அப்படியே வெட்டக் கொடுக்காதீர்கள்.

தடிப்பைக் கூட்டுவது வீண் செலவு. 6 மி.மீ. தகட்டால் 400க்கு 100 மி.மீ. பெட்டித் தூணாக அடியுங்கள். அதே காற்றில் தகைவு 42 மெகாபாஸ்கல்தான். எடை தூணுக்கு 157 கிலோவிலிருந்து 230 கிலோ அளவுக்கு ஏறும், அவ்வளவே. முகக்கோட்டுக்காக ஓரத்தை வளைத்து வெட்டினால், அடிப்பாகம் ஒடுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இது முதல் கணக்குதான். இடத்துக்குரிய காற்று வேகம், பாதுகாப்புக் கெழு, அடித்தளம் எல்லாம் பதிவுபெற்ற பொறியாளர் சான்ஸ் 10160 (கட்டுமானச் சுமைக்கான தென்னாப்பிரிக்கத் தரநிலை) பார்த்துப் போட்டுக் கையெழுத்திட வேண்டும்.

கரும்புச்சாலை:
நன்றி அண்ணா. பெட்டி என்றால் உள்ளே துருப்பிடிக்காதா? கால்வனைஸ் செய்தபின் எந்தப் பெயின்டும் ஒட்டுவதில்லை என்றும் சொல்கிறார்களே?

கடற்காற்று:
உள்ளேயும் துத்தநாகம் பாய வேண்டும். அதற்கு மேலும் கீழும் எதிரெதிர் மூலைகளில் துளை கட்டாயம். மூடிய பெட்டியை 450 டிகிரித் துத்தநாகத் தொட்டியில் இறக்கினால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெடிக்கும், ஆள் சாகும். துளை அளவையும் தொட்டியின் நீளத்தையும் வரைபடம் முடிவதற்குள் கால்வனைசிங் கடையில் கேளுங்கள். வெல்டிங் விட்டுவிட்டு இருக்கக்கூடாது, முழு நீளத்துக்கும் ஓட வேண்டும். துத்தநாகத்தில் முக்குமுன் இரும்பைக் கழுவும் அமிலம் இடைவெளிக்குள் புகுந்தால் பிறகு பழுப்பாகக் கசியும்.

6 மி.மீ. தகட்டுக்கு கால்வனைசிங் தரநிலையான ஐஎஸ்ஓ 1461 கேட்பது சராசரி 70 மைக்ரான் துத்தநாகம். கடலோர சி5 சூழலில் (மிகக் கடுமையாக அரிக்கும் வகை) ஆண்டுக்கு 4.2 முதல் 8.4 மைக்ரான் வரை தேயும். அதாவது வெறும் துத்தநாகம் 8 முதல் 16 ஆண்டு. பெயின்ட் சேர்த்தால் தேய்மானமே தள்ளிப்போகும்.

பெயின்ட் உரிவது பெரும்பாலும் சாதாரண எனாமல் அடிப்பதால். அதிலுள்ள எண்ணெய் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்பாகிவிடும், பாளம் பாளமாகக் கழன்று வரும். நீங்கள் இப்படிச் செய்யுங்கள்: கால்வனைசிங் கடையில் குரோமேட் குளியல் (பெயின்ட் ஒட்டவிடாத வேதிப்பூச்சு) வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். உலோகமில்லாத நுண்மணலால், குறைந்த அழுத்தத்தில், மேற்பரப்பு மங்கும் அளவுக்கு மட்டும் லேசாக ஊதுங்கள். அன்றைக்கே எபாக்சி பிரைமர், அதன்மேல் மைக்கா போல ஏடாக இருக்கும் இரும்பு ஆக்சைடு (எம்ஐஓ) கலந்த எபாக்சி, கடைசியில் பாலியூரித்தேன். மொத்தம் 240 மைக்ரான் அளவில். துருநிறம் வேண்டுமானால் மங்கலான பழுப்புப் பாலியூரித்தேன் கிடைக்கிறது. ஓரங்களை முதலிலேயே 2 மி.மீ. உருட்டிவிடுங்கள், கூர்மையான விளிம்பில் பெயின்ட் நிற்காது. ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் நடுவில் இரவு கடந்தால் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்த பிறகே அடியுங்கள்.

மூன்றாம்கண்:
முகம் கூடுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பார்க்கும் இடம் முன்வரிசையிலிருந்து 25 மீட்டர் என்றால் பின்வரிசை 30 மீட்டரில் இருக்கும். அதிலுள்ள படப்பகுதியை 1.2 மடங்கு பெரிதாக வெட்ட வேண்டும். பார்ப்பவர் கண் 100 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால் பின்வரிசை 17 மி.மீ. விலகித் தெரியும், அது பரவாயில்லை. கணக்கை 1.6 மீட்டர் கண்மட்டத்துக்குப் போட்டு, 1.1 மீட்டர் கண்மட்டமுள்ள குழந்தையோ சக்கர நாற்காலியில் இருப்பவரோ பார்த்தால் மேல்கீழாக 83 மி.மீ. தவறும். சிற்ப முகத்தின் கண், வாய் இரண்டும் அப்படியே சிதைந்துவிடும். அந்த இரண்டையும் ஒரே வரிசைத் தூண்களில் முடித்துவிடுங்கள். காது, முடி, தோள் எல்லாம் பின்னால் போகலாம்.

ஆங்கர் போல்ட்டுகளை இரும்பு வார்ப்புருவில் பூட்டிய பிறகே கான்கிரீட் ஊற்றுங்கள். அடித்தட்டுக்குக் கீழும் நட் போட்டு மட்டம் பிடித்து, சுருங்காத கிரவுட் (இடைவெளி அடைக்கும் சிமென்ட் கலவை) நிரப்புங்கள். அடித்தட்டு புல்மட்டத்துக்கு மேலே நிற்கட்டும். பெயர்ப்பலகைக்கு வெண்கலம் வேண்டாம், திருடுபோய்ப் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும்; கிரானைட்டில் வெட்டுங்கள்.