தர்பூசணி ஸ்லஷ்: தண்ணீர் தனி, ஐஸ் தனியாகப் பிரிகிறது. என்ன செய்வது?

மதுரைவெயில்:
தர்பூசணித் துண்டுகள், ஒரு தட்டு ஐஸ் கட்டி, இரண்டு ஸ்பூன் சர்க்கரை, அரை மூடி எலுமிச்சை. எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்து ஊற்றும்போது நன்றாகத்தான் இருக்கிறது. பிள்ளைகள் கை கழுவி வந்து உட்காருவதற்குள் டம்ளரின் அடியில் சிவப்புத் தண்ணீர், மேலே நிறமில்லாத ஐஸ் துகள். சுவையும் சப்பென்று இருக்கிறது. போதாக்குறைக்கு மிக்ஸி பாதியில் நின்றுவிடுகிறது (500 வாட்ஸ்). ஸ்பூனால் அள்ளிச் சாப்பிடும் பதத்தில் வர வழி உண்டா?

அடுப்பங்கரை:
ஐஸ் கட்டியைத் தூக்கிப் போடுங்கள் அம்மா. தர்பூசணியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். அதன் தலையில் மேலும் தண்ணீரா? பழத்தையே உறைய வையுங்கள். விதையை எடுத்துவிட்டுச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி, இரவு முழுக்க ஃப்ரீசரில் வைக்க வேண்டும். டப்பாவில் குவித்தால் பாறையாகிவிடும். காலையில் எடுத்ததும் அடிக்காதீர்கள். துண்டின்மேல் படிந்த வெண்பூச்சு மறைந்து ஈரம் மினுங்கத் தொடங்கும், அதுதான் சமயம். ஜாரில் முதலில் கால் டம்ளர் குளிர்ந்த சாறு, அதன்மேல் பழம். விட்டுவிட்டு அடியுங்கள்.

பழக்கடைப்பேரன்:
வாழைப்பழம் ஒன்றைச் சேர்த்தால் பிரியவே பிரியாது.

அடுப்பங்கரை:
பிரியாதுதான். ஆனால் அப்புறம் அது வாழைப்பழ ஸ்லஷ். தர்பூசணி வாசனை எங்கே இருக்கும்?

மதுரைவெயில்:
நன்றி அக்கா. சர்க்கரையை அடியோடு விட்டுவிடலாமா? பழத்திலேயே இனிப்பு இருக்கிறதே.

அடுப்பங்கரை:
இங்கே சர்க்கரைக்கு இனிப்பதைத் தவிர இன்னொரு வேலையும் உண்டு. தண்ணீர் முழுவதும் இறுகிவிடாமல் தடுப்பது அதுதான். 100 கிராம் தர்பூசணியில் சுமார் 6 கிராம் சர்க்கரைதான் இருக்கிறது; ஸ்லஷ் பதத்துக்கு 13 கிராமாவது வேண்டும். அரைக் கிலோ பழத்துக்கு 40 கிராம் சேர்த்தால் சரியாக வரும். குளிரில் சர்க்கரை எளிதில் கரையாது; பாகாகக் காய்ச்சி ஆறவைத்து, சாற்றுக்குப் பதில் ஊற்றுங்கள். வீட்டில் நன்னாரி சர்பத் இருந்தால் இன்னும் விசேஷம். குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும் என்பதால் திகட்டாது. சர்க்கரையே வேண்டாம் என்றால் மாம்பழத்துக்கு மாறுங்கள். அதில் இயல்பாகவே இருமடங்கு இனிப்பு இருக்கிறது. பங்கனப்பள்ளி நாரில்லாமல் அரைபடும்.

காயில்கட்டுபவன்:
மிக்ஸியைப் பற்றி நான் சொல்கிறேன் சகோதரி. மோட்டார் கெடவில்லை, சுமை தாங்காமல் தானே நின்றிருக்கிறது. ஸ்விட்சை அணைத்து, கால் மணி நேரம் ஆறவிட்டு, அடிப்பக்கம் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள். 500 வாட்ஸுக்கு அரை ஜாருக்கு மேல் போடாதீர்கள். பிளேடு சுற்றியும் பழம் நகரவில்லை என்றால் உடனே நிறுத்திக் கிளறிவிடுங்கள். எரிந்த வாடை வரும்வரை ஓட்டிவிட்டுத்தான் பலர் என்னிடம் கொண்டுவருகிறார்கள்.

மதுரைவெயில்:
நன்னாரி ஊற்றிச் செய்தேன். பெரியவன் இரண்டாவது டம்ளர் கேட்டான். மிக்ஸியும் நிற்கவில்லை. மீந்ததை ஃப்ரீசரில் வைத்தால் நாளைக்கு ஆகுமா?

அடுப்பங்கரை:
ஆகும். அகலமான பாத்திரத்தில் வைத்து, அரை மணிக்கு ஒருமுறை முள்கரண்டியால் சுரண்டிவிடுங்கள். மறந்து இறுகிப்போனால் குச்சியைச் செருகிப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள்.