சென்னை எம்.கே.பி. நகர் தெருக் குழு: வட்ட மூடி, சதுர மூடி

ரேவதி (காலை 5:48): மழைத் தண்ணீரில் வாசற்படி மூன்றில் இரண்டு முழுகிவிட்டது. தையல் மெஷினைக் கட்டில் மேல் ஏற்றியாச்சு. யாராவது முழித்திருக்கிறீர்களா?

இம்ரான் (5:51): இருக்கிறேன் அக்கா. என் பைக்கைத் திண்ணையில் ஏற்றிவிட்டேன்.

குமார் (5:55): புழல் ஏரியைத் திறந்துவிட்டார்களாம்!! இரண்டு மணி நேரத்தில் இங்கே வந்துவிடுமாம். ஆபீஸ் குரூப்பில் வந்தது. எல்லோரும் மாடிக்குப் போங்க.

செல்வி சித்தி, மணலி புதுநகர் (5:58): அதை முதலில் அழி குமார். புழல் உபரி நீர் உங்கள் பக்கம் வராது. வடகரை, வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம் என்று எங்கள் பக்கமாக வந்து கொசஸ்தலை ஆற்றில் சேரும். திறப்பது நீர்வளத்துறை. திறக்கும் முன் கரையோர ஊர்களுக்குத் திருவள்ளூர் கலெக்டர் எச்சரிக்கை கொடுப்பார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நாங்கள் பட்டதே போதும்.

குமார் (5:59): சரி சித்தி, அழித்துவிட்டேன் 🙏

ரேவதி (6:04): மாநகராட்சி 1913க்குப் போன் போட்டுப் புகார் எண் வாங்கிவிட்டேன். ஆனால் நடுரோட்டு மூடியிலிருந்தும் கறுப்பாகப் பொங்குகிறதே, அதுவும் மாநகராட்சிதானா?

நடராஜன் மாமா (6:09): இல்லை அம்மா. நம் தெருவில் வட்ட மூடி பாதாளச் சாக்கடை. அது மெட்ரோ வாட்டர் (குடிநீர், கழிவுநீர் வாரியம்), 1916. ஓரத்தில் இருக்கும் சதுர மூடிதான் மழைநீர் வடிகால். அது மாநகராட்சி. இரண்டுக்கும் தனித்தனியாகப் புகார் கொடு. போன வருடம் நான் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு, "இது எங்களுடையது இல்லை" என்று கேட்டுக்கொண்டே இரண்டு ஆபீஸுக்கு அலைந்தேன்.

இம்ரான் (6:12): 📷 தெருக் கரண்ட் பெட்டியை (பில்லர் பாக்ஸ்) தண்ணீர் தொட இன்னும் ஒரு சாண்தான்.

நடராஜன் மாமா (6:12): கிட்டே போகாதே! மின்வாரியப் புகார் மையம் மின்னகம், 94987 94987. லைனை நிறுத்தச் சொல்.

மேரி டீச்சர் (6:15): சொல்லிவிட்டேன். இப்போதே போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொள்ளுங்கள்.

ரேவதி (6:31): கரண்ட் போயிற்று, நிம்மதி. மாமா, மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகிறது. தண்ணீர் ஏன் நகரவே மாட்டேன் என்கிறது?

நடராஜன் மாமா (6:40): நம் தெருத் தண்ணீர் கடலுக்குப் போக நாலு கை மாற வேண்டும். தெரு வடிகாலிலிருந்து கேப்டன் காட்டன் கால்வாய், அங்கிருந்து பக்கிங்ஹாம் கால்வாய், அப்புறம் வடக்கே எண்ணூர் முகத்துவாரம். வடிகால் மாநகராட்சி, பக்கிங்ஹாம் நீர்வளத்துறை. நடுவில் ரயில் பாதைக்கு அடியில் கல்வெர்ட் (தண்ணீர் போகும் சிறு பாலம்) இருந்தால் அதில் கை வைக்க ரயில்வே அனுமதி வேண்டும். கடைசியில் கடல் ஏற்றமாக இருந்தால் யார் சொன்னாலும் வாங்காது. மழைக்காலத்தில் மாநகராட்சியின் ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு ஐஏஎஸ் அதிகாரியைக் கண்காணிப்புக்குப் போடுகிறார்களே, இவர்களை எல்லாம் ஒரே டேபிளில் உட்காரவைக்க ஒருவர் வேண்டும் என்றுதான்.

இம்ரான் (6:44): சித்தி பக்கம் கொசஸ்தலை வடிகால் என்று 769 கிலோமீட்டர் போட்டார்களே?

செல்வி சித்தி (6:47): ஆமாம், ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனோடு 3,220 கோடித் திட்டம். எங்கள் தெருவே ஒரு வருடம் பள்ளமாகக் கிடந்தது, அதை ஏன் கேட்கிறாய்.

இம்ரான் (9:20): மாநகராட்சி ஜேஇ (இளநிலைப் பொறியாளர்) வந்துவிட்டார். ஆட்கள் நாலு பேர், டீசல் மோட்டார் ஒன்று.

இம்ரான் (9:52): 📷 📷 முனை வீட்டுக்கு எதிர் சதுர மூடியைத் திறந்தார்கள். வடிகால் சுவரை உடைத்து நாலு கறுப்புக் குழாய் குறுக்கே போகிறது. ஏதோ கேபிள் கம்பெனியுடையது. அதில் இளநீர் மட்டை, டயாப்பர், தெர்மாகோல், ஸ்கூல் பிள்ளையின் ஒரு ஷூ, எல்லாம் மாலை கோத்த மாதிரி தொங்கின. கம்பியால் இழுத்ததும் தண்ணீர் சலசலவென்று போகிறது!

ரேவதி (9:55): இன்னொரு படியும் தெரிகிறது 😭

நடராஜன் மாமா (9:58): குழாய் இருக்கிற வரைக்கும் அடுத்த மழையிலும் அங்கேதான் அடைக்கும். இம்ரான், அந்தப் படத்தை மனுவோடு வைத்து வார்டு ஆபீஸில் கொடு. ரோடு வெட்ட அனுமதி கொடுப்பது மாநகராட்சி, எடுக்கச் சொல்ல வேண்டியதும் அவர்கள்தான். மூடி எதிரே எந்த வீடு என்று மறக்காமல் எழுது. "தெருவில் தண்ணீர்" என்று மட்டும் எழுதினால் வேலைக்கு ஆகாது.

மேரி டீச்சர் (11:05): மெட்ரோ வாட்டரின் சாக்கடை அடைப்பு எடுக்கும் ஜெட் ராடிங் வண்டியும் வந்தது. மழை பெய்தால் மட்டும் சாக்கடை பொங்குகிறதா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். நேராகக் குமார் அப்பார்ட்மெண்ட் சாக்கடைத் தொட்டியை (சேம்பர்) திறந்தார்கள். மொட்டை மாடிக் குழாய் இரண்டும் அதில்தான் விழுகிறது.

குமார் (11:09): பில்டர் அப்போதே அப்படித்தான் விட்டுவிட்டுப் போனார் டீச்சர்...

நடராஜன் மாமா (11:14): 1,000 சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல் தம்பி. ஒரு டேங்கர் லாரியைச் சாக்கடையில் கவிழ்த்த மாதிரி. அது ரேவதி வாசலில் பொங்காமல் எங்கே போகும்? 2003லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்களே, உங்கள் குழி எங்கே?

குமார் (11:16): பைக் நிறுத்த டைல்ஸ் போட்டு மூடிவிட்டோம்.

ரேவதி (11:17): 🙂

குமார் (11:21): சனிக்கிழமை பிளம்பரை வரச் சொல்லியிருக்கிறேன். டைல்ஸை உடைத்துக் குழாயைக் குழிக்குத் திருப்பிவிடுகிறேன், மிச்சம் வடிகாலுக்குப் போகட்டும். ரேவதி அக்கா, மன்னித்துவிடுங்கள். ஆனால் மூன்று பைக்கையும் எங்கே நிறுத்துவது?

இம்ரான் (11:23): என் திண்ணையில் ஒன்றுக்கு இடம் இருக்கிறது அண்ணே. வாடகை மாதம் இரண்டு பிரியாணி.