பாரிஸ் உணவகத்தில் அம்மாவுக்கு ஏற்ற விருந்து: ஆலோசனை தேவை

அன்பான உறவுகளுக்கு வணக்கம். மட்டக்களப்பு கல்லடியிலிருந்து எழுதுகிறேன். பாரிஸில் வாழும் என் தம்பி, அடுத்த மாதம் தன்னிடம் வரவிருக்கும் எங்கள் அம்மாவுக்காக, உயர்தர பிரெஞ்சு உணவகமொன்றில், சமையற்கலைஞரே தெரிவுசெய்து சிறு தட்டுகளாக ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறும் விருந்துக்கு முன்பதிவு செய்திருக்கிறான். அம்மா மீன், இறால், கோழி உண்பார். மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி, மது எதையும் தொடமாட்டார்.

பிரெஞ்சுச் சமையலில் மீனுக்கான சோஸில் வெள்ளை வைன் சேர்ப்பது வழக்கம். வேறு பல சோஸ்களுக்குக் கன்றின் எலும்பை நெடுநேரம் காய்ச்சிய சாறே அடிப்படை. இனிப்பில் பெரும்பாலும் பன்றி, மாட்டின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினும், சில பாற்கட்டிகளில் கன்றின் இரைப்பையிலிருந்து பெறும் நொதியமும் இருக்கக்கூடும் என்பதால், தட்டில் இறைச்சி தெரியவில்லை என்பதை மட்டும் நம்பி அவரை உண்ணச் சொல்ல எனக்கு மனமில்லை. பின்னர் அறிந்தால் மிகவும் வருந்துவார்.

அங்குள்ள சமையலறைகளில் பணிபுரியும் நம்மவர்கள் தயவுசெய்து வழிகாட்டுங்கள். இவற்றை எத்தனை நாள் முன்னதாக, எவ்வளவு விரிவாக உணவகத்துக்கு அறிவிக்க வேண்டும்? மேசையிலுள்ள அனைவரும் ஒரே விருந்தையே எடுக்க வேண்டுமென்ற விதி இருந்தால், அம்மாவின் தட்டுகளை மட்டும் மாற்றித் தருவார்களா? தம்பி அனுப்பக்கூடிய பிரெஞ்சு வாசகமொன்றை யாரேனும் எழுதித் தந்தால் பேருதவியாக இருக்கும்.