சிவப்பு டுகாட்டி ஸ்டார்ட் ஆகவில்லை, ஞாயிறு ஃபூட்டா போக வேண்டும், உதவி!

பனங்காய்:
அண்ணைமார், அவசரம். பட்டனை அமத்தினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பற்றரி புதிது. ஞாயிறு பெடியளோடு ஃபூட்டா கணவாய்க்குப் போவதாகப் பேச்சு. கராஜில் கேட்டால் மூன்று கிழமை செல்லுமாம். நான் இருப்பது பொலோஞ்ஞாவில். வண்டி பிறந்த ஊரிலேயே அது கிளம்பாமல் நிற்பது பெரிய வெட்கம். கெதியாகச் சொல்லுங்கோ.

மழைக்கோட்டு:
எந்த மாடல்? எந்த வருடம்?

டைமிங் பெல்ட்:
வால்வை இயக்கும் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது? ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மற்ற வண்டிகளில் வால்வை ஸ்பிரிங் மூடும். இதில் டுகாட்டி எஞ்சினியர் தாலியோனி வைத்த இன்னொரு ராக்கர் (நெம்புகோல்)தான் இழுத்து மூடும். பெல்ட் அறுந்தால் வால்வு வளைந்துவிடும், அப்புறம் செலவு உன் தலையில்.

ஒயரிங் வாத்தியார்:
‘சிவப்பு டுகாட்டி’ என்பது மாடல் இல்லை, தம்பி. பொலோஞ்ஞாவில் எதற்குத்தான் சிவப்பு அடிக்கவில்லை? மல்டிமீட்டர் இருக்கிறதா? பட்டனை அழுத்தும்போது பேட்டரியில் எத்தனை வோல்ட்? விளக்கு மங்குகிறதா? இதெல்லாம் முதல் பதிவிலேயே எழுத வேண்டியவை. எத்தனை தடவை சொல்வது!

பனங்காய்:
மன்னிக்கவும். 916, 1997. சும்மா இருக்கும்போது 12.7. அமத்தினாலும் 12.2க்குக் கீழே இறங்கவில்லை. விளக்கு மங்கவில்லை. படம் போட்டிருக்கிறேன்.

கொழும்பு ரைடர்:
ரெகுலேட்டர். கண்ணை மூடிக்கொண்டு மாத்து.

ஒயரிங் வாத்தியார்:
ரெகுலேட்டர் பேட்டரியைச் சார்ஜ் செய்ய உதவுவது. 12.7 காட்டும் பேட்டரிக்கு என்ன குறை? கண்ணைத் திறந்துகொண்டு படியுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் கரண்ட் இழுத்தால் வோல்ட் பத்து, பதினொன்றுக்கு இறங்கும். இறங்கவில்லை என்றால் மோட்டாருக்குக் கரண்ட் போகவே இல்லை. ஸ்டார்ட்டர் ரிலே என்ற சுவிட்ச், தடித்த வயர், எஞ்சினைப் பேட்டரி மைனஸோடு இணைக்கும் எர்த், இந்த மூன்றில் ஒன்று.
தம்பி, மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸில் வை. சிவப்பு முனையை எஞ்சினில் பெயின்ட் இல்லாத அலுமினியத்தில் குத்திப் பிடி. இப்போது பட்டனை அழுத்து. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

எம்வி பித்தன்:
படத்தைப் பார்த்தேன். 916 ஸ்டிக்கர் புத்தம் புதிதாக இருக்கிறதே! பின் டயரும் ஒல்லி. அகலம் 916க்கு 190 மி.மீ., அதே வடிவில் சின்ன எஞ்சின் வைத்த 748க்கு 180. எனக்கென்னவோ இது 1995இல் வந்த அந்தச் சின்னத் தம்பி போலத் தெரிகிறது.

டைமிங் பெல்ட்:
டயரை வைத்துச் சொல்ல முடியாது. வளைவில் லேசாகச் சாயட்டும் என்று 916காரர்களும் 180 போடுவார்கள். இரண்டுக்கும் பெல்ட் ஒன்றுபோலத்தான் தேயும்.

எம்வி பித்தன்:
எதுவானாலும் வடிவமைத்தது தம்புரினியின் கை. ஆனால் 1997இல் மிலான் கண்காட்சிக்கு வந்த, அவரே வடிவமைத்த எம்வி அகுஸ்டா எஃப்4 பைக் முன்னால் 916 வெறும் ஒத்திகை.

மழைக்கோட்டு:
ஒத்திகையா? 916 வந்த 1994இலும் அடுத்த வருடமும் பந்தய வீரர் ஃபோகார்ட்டி அதில் சூப்பர்பைக் உலகப் பட்டம் வாங்கினார். எஃப்4 எதை வாங்கியது?

எம்வி பித்தன்:
அழகுக்குக் கோப்பை எதற்கு? பின்னால் வந்த டுகாட்டி 999கூடத்தான் 2003, 2004, 2006 என்று மூன்று பட்டம் வாங்கியது. ஒன்றின்மேல் ஒன்றாக விளக்கு வைத்த அந்த முகத்தை யார் சுவரில் ஒட்டினார்கள்?

மழைக்கோட்டு:
நான் ஒட்டினேன். இன்னும் இருக்கிறது.

டைமிங் பெல்ட்:
தம்புரினிதான் பிமோட்டா என்ற பைக் கம்பெனியின் பெயரில் கடைசி ‘டா’. பியாங்கி, மோரி, தம்புரினி என்ற மூன்று பெயர்களின் முதலெழுத்துகள். ரிமினியில் வீடுகளுக்கு ஹீட்டர் குழாய் போட்டுக்கொண்டிருந்த கம்பெனி அது. குழாய்காரர் என்பதால்தான் 916, எஃப்4 இரண்டிலும் சைலன்சரை இருக்கைக்குக் கீழே அவ்வளவு நேர்த்தியாக ஒளித்தார் என்பது என் கட்சி.

ஒயரிங் வாத்தியார்:
இழை வண்டி ஸ்டார்ட் ஆகாதது பற்றி. நினைவூட்டுகிறேன்.

பனங்காய்:
11.4 காட்டியது. எர்த் வயர் பூட்டும் இடம் முழுக்கப் பெயின்ற். போன மாதம் எஞ்சின் கவருக்கு நான்தான் அடித்தேன், சொல்ல மறந்துவிட்டேன். உப்புத்தாளால் உரசிப் பூட்டினேன், முதல் அமத்தலிலேயே பிடித்தது. நன்றி வாத்தியார். விடிய வெளிக்கிடுகிறோம்.
டயரில் 180 என்றுதான் இருக்கிறது. முந்தின ஆள் மாற்றியிருப்பார்தானே?

ஒயரிங் வாத்தியார்:
‘சொல்ல மறந்துவிட்டேன்’. சரி. லிப்ரெட்டோவில், அதாவது வண்டியின் பதிவுப் புத்தகத்தில், எஞ்சின் கொள்ளளவு போட்டிருக்கும், எடுத்துப் பார். வாங்கும்போது பார்க்கவில்லையா?

மழைக்கோட்டு:
புதன்கிழமை ஆகிவிட்டது. பனங்காய், பார்த்தாயா?

டைமிங் பெல்ட்:
பார்க்கும்போது பெல்ட் மாற்றிய தேதியையும் பார்.