கதவைப் படம் பிடிக்கப் போய் மாட்டிக்கொண்ட கதைகள்

காசிமேட்டில் ஒரு சந்து. ஒற்றைக் கதவு, ஆகாய நீலம். கீழே ஒரு முழத்துக்கு மழைத்தண்ணீர் ஊறி பெயிண்ட் உரிந்திருந்தது. உரிந்த இடத்தில் பச்சை, பச்சைக்கு அடியில் செங்காவி. நாதாங்கியைச் சுற்றி மட்டும் கைபட்டுக் கைபட்டு மரமே வெளியே வந்து வழவழவென்று இருந்தது. நான் குந்தி உட்கார்ந்து ஃபோகஸ் பண்ணும்போதே கதவு திறந்தது. ஓர் ஆயா, கையில் மீன் கழுவிய தண்ணீர். நல்லவேளை, ஊற்றவில்லை.

"இன்னா தம்பி, லோன்காரனா?"

"இல்ல ஆயா, கதவு அழகா கீது, அதான்."

வெளியே வந்து அதை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "படகுக்கு அடிச்சதுல மிஞ்சின பெயிண்டுப்பா இது."

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைப் பழுது பார்த்து வண்ணம் அடிக்க அதுதான் தோதான நேரம். டப்பாவில் மிஞ்சியது இந்த வீட்டுக் கதவுக்கு வந்துவிடுகிறது. ஆயா விரல் வைத்தே சொன்னார்: பச்சை, பேரன் பிறந்த வருஷம், செங்காவி, அவர் வீட்டுக்காரர் இருந்தபோது அடித்தது. அதற்கப்புறம் எனக்குக் காசிமேடு என்றால் ஜூன் கடைசிதான்.

சவுகார்பேட்டை வேறு மாதிரி. அங்கே நான் பார்த்தது தேக்கு இரட்டைக் கதவு, வரிசையாகப் பித்தளைக் குமிழ். அந்தப் படத்தை ஆப்பிரிக்கா பக்கம் ஜான்சிபார் தீவுக்கு வேலைக்குப் போன நண்பனுக்கு அனுப்பினேன். அவன் அங்கே பழைய நகரப் பகுதியான ஸ்டோன் டவுனிலிருந்து அச்சு அசலாக அதே மாதிரிக் குமிழ்கள் வைத்த ஒரு கதவை அனுப்பினான். குஜராத்தி வியாபாரிகள் போய்க் குடியேறிய ஊர் அது. யானை முட்டாமல் இருக்க இங்கே கோட்டைக் கதவில் வைத்த கூர்முனைதான் அங்கே வீட்டு அலங்காரமாகிவிட்டது என்பார்கள். அந்தத் தீவில் முட்ட யானை ஏது?

சவுகார்பேட்டைச் சந்து குறுகல், வெயில் கதவில் விழ ஒன்பது மணியாவது ஆகும், அதற்குள் எதிரே நாலு பைக் நிற்கும். இன்னொரு நாள் நிதானமாக எடுக்கலாம் என்று வந்துவிட்டேன். மூன்று மாதம் கழித்துப் போனால் நிலைவாசலோடு காணோம், ஷட்டர் போட்டிருக்கிறார்கள். பக்கத்துக் கடையில் கேட்டேன். "வித்துட்டாங்க, லாரி வந்து ஏத்தினு போச்சு" என்றார்கள். செல்போனில் எடுத்த அந்த ஒரு கோணல் படம்தான் இப்போது மிச்சம்.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள்.

*

வண்ணாரப்பேட்டைவாசி: என் கதை அவமானம். பொங்கலுக்கு முன்னால் ஒரு வீட்டுக் கதவு, கிளிப்பச்சை, பளபளவென்று இருந்தது. எதிர்ச்சுவர்க் கோலத்தையும் சேர்த்து எடுக்கலாமே என்று கதவில் முதுகைச் சாய்த்தேன். ஏன் பளபளத்தது என்று அப்போதுதான் புரிந்தது. சட்டை போனது போகட்டும், கதவில் என் முதுகு அப்படியே பதிந்துவிட்டது. வீட்டுக்காரர் பிரஷ்ஷை என் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அடித்து முடித்துத்தான் கிளம்பினேன்.

*

ராயபுரம் பொண்ணு: சந்து பொந்து வேண்டாம் என்பவர்கள் அரண்மனைக்காரத் தெரு ஆர்மேனியன் தேவாலயத்தில் தொடங்கலாம், 1772இல் கட்டியது. யாரும் லோன்காரனா என்று கேட்க மாட்டார்கள். அது சரி அண்ணா, ஆயாவுக்குப் படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தீங்களா?

*

கொடுத்தேனே. திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கதவ மட்டும் புட்ச்சிக்கீற, நான் எங்கப்பா?" என்று என் கையிலேயே திணித்துவிட்டார். ஜூனில் மறுபடி போகணும். அதற்குள் கதவு என்ன கலரோ!