பள்ளி என்றாலே மகனுக்கு வயிற்றுவலி: ஆலோசனை தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளியில் சேர்த்ததிலிருந்து, பதினொரு வயதாகும் எங்கள் மகன், காலையில் சீருடையைக் கையில் எடுத்ததுமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு அமர்ந்துவிடுகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வலி எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. குழந்தை நல மருத்துவர் ஸ்கேன் வரை பார்த்துவிட்டு, உடலில் கோளாறு ஏதுமில்லை, ஆனால் மனப்பதற்றத்தாலும் குழந்தைகளுக்கு உண்மையாகவே வயிறு வலிக்கும் என்றார். “நடிக்கிறான்” என்று சொல்லும் உறவினர்களுக்கு இதை விளக்குவதுதான் பெரும்பாடாக இருக்கிறது.

டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி ஆலோசனைச் சேவையின் இலவச எண்ணான 14416-இல் தமிழிலேயே பேசினார்கள். நீண்ட நாள் வீட்டில் வைத்திருந்தால் அச்சம் வேரூன்றிவிடும் என்பதால், வகுப்பாசிரியரிடம் பேசி முதலில் அரை நாளாவது அனுப்பச் சொன்னார்கள். ஆசிரியையும் ஒத்துக்கொண்டார். ஆனால் மதிய இடைவேளையைப் பற்றிக் கேட்டால் மட்டும், பதில் சொல்லாமல் டிபன் பாக்ஸ் மூடியைத் திருகிக்கொண்டே இருக்கிறான்.

குடைந்து குடைந்து கேட்காமல், இந்த வயதுப் பிள்ளையை மனம்விட்டுப் பேச வைத்த பெற்றோர் எவரேனும் இருந்தால், எப்படித் தொடங்கினீர்கள் என்று எழுதுங்கள். மதுரையில் சிறுவர்களுக்கான மனநல ஆலோசகர்களைத் தெரிந்தவர்கள், அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றவர்கள், தங்கள் அனுபவத்தைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.